புது வீட்டுக்கு விரிப்பு, திரை, பாய், தலையணை: மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் இல்லாததாக எதைப் பார்த்து வாங்க?

பாளைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில் பால் காய்ச்சிப் புது வீட்டுக்குப் போகிறோம். பாளையங்கோட்டையில்தான், இப்போது இருக்கிற வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. கட்டில் இரண்டு, ஜன்னல் ஆறு. அம்மா தரையில்தான் படுப்பாள், அவளுக்கு ஒரு பாய். தலையணை நாலு, குளிக்கிற துண்டு, அடுப்படித் துணி. எல்லாத்துக்கும் சேர்த்து 15,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். வாங்குவதை மண்ணையும் தண்ணியையும் கெடுக்காததாக வாங்குவோமே என்று ஒரு ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். மூங்கில் இழை விரிப்பு என்று ஒன்றை விரித்துக் காட்டினார்கள். தடவினால் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. 3,800 ரூபாய். மூங்கிலுக்கு மருந்தே அடிக்க வேண்டாம், தானாக வளரும், முழுக்க இயற்கை என்று கடைப்பையன் ஒப்பித்தான். அடுத்து, பச்சை இலை ஒட்டி ‘ஆர்கானிக்’ என்று போட்ட விரிப்பு 2,400. அதுக்குப் பக்கத்தில் இலை ஒட்டாதது 900. மூன்றும் என் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தாச்சு. ஆன்லைனில் ‘கிளேஸ் காட்டன்’ என்று போட்டிருந்ததை நம்பி இரண்டு விரிப்பு வாங்கினேன். மூணே மாதத்தில் பரப்பெல்லாம் குட்டிக் குட்டி உருண்டையாகச் சுருண்டுவிட்டது. சித்திரையில் அதில் படுத்தால் முதுகு நனைந்துவிடும். பேரிலேயே காட்டன் இருக்கிறதே, அப்புறம் ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தறிச்சத்தம் எழுதியது:

பேரில் இருக்கிற காட்டன் பேரில் மட்டும்தான், தங்கச்சி. கிளேஸ் காட்டன் என்று இணையத்தில் விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர் மைக்ரோஃபைபர். அதான் வேர்வையைக் குடிக்காது, உருண்டை கட்டும்.

எங்கள் வீடு வீரவநல்லூர். அப்பா தறி போட்டவர், நான் போடவில்லை. ஆனால் துணியைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டில் இருக்கிற எல்லா விரிப்பிலும் செய்து பாருங்கள். விளிம்பிலிருந்து நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவிக்கொள்ளுங்கள். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள், தனித்தனியாக. பாவு (நீள நூல்) ஒன்றும் ஊடை (குறுக்கு நூல்) வேறொன்றுமாக நெய்து ‘காட்டன்’ என்று விற்பது உண்டு. நூலை இடுக்கியால் பிடித்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள்.

பஞ்சு நூல் என்றால் சட்டென்று பற்றும், காகிதம் எரிகிற வாடை வரும், ஊதினால் பறக்கிற சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் என்றால் முதலில் தீயை விட்டுப் பின்வாங்கிச் சுருங்கும், உருகும், கறுப்புப் புகை விட்டு நுனியில் கடுகு மாதிரி ஒரு மணி நிற்கும். ஆறினபிறகு நசுக்கினால் நொறுங்காது. சூட்டோடு கையில் தொட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற வாடை. கலப்பு நூல் என்றால் எரியவும் செய்யும், உருகவும் செய்யும்.

அப்புறம் கஞ்சி. கடையில் கனமாக இருக்கிற விரிப்பை மூலையில் பிடித்து ரெண்டு கையாலும் கசக்குங்கள். மாவு உதிர்ந்தால் அந்தக் கனம் துணியின் கனம் இல்லை. முதல் துவைப்பில் வலை மாதிரி ஆகிவிடும்.


சாரல்வாசி எழுதியது:

மூங்கில் பற்றி மட்டும். மூங்கில் நல்ல பயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் நாரை நூலாகத் திரித்து நெய்யவில்லை. அவ்வளவு வழவழப்பு மூங்கில் நாரில் வராது. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்துப் பாகாக்கி, சல்லடைக் கண் மாதிரி ஓட்டைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் வருகிற இழை அது. அதற்குப் பேர் விஸ்கோஸ், ரேயான். நம் அம்மாக்கள் காலத்து ரேயான் சேலைதான் மூங்கில் சட்டை போட்டு வந்திருக்கிறது. கார்பன் டைசல்பைடு நரம்பைத் தாக்குகிற சமாச்சாரம், ஆலைக்குள் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் முதல் அடி.

அமெரிக்காவில் இதை மூங்கில் என்று மட்டும் எழுதி விற்கக் கூடாது, ரேயான் என்று சொல்ல வேண்டும். அப்படி விற்றதற்காக 2022இல் இரண்டு பெரிய சங்கிலிக் கடைகள் மொத்தம் 55 லட்சம் டாலர் கட்டின.

மரக்கூழில் செய்தாலும் லயோசெல் என்கிற இழை கொஞ்சம் பரவாயில்லை. அதில் கரைப்பானைத் திரும்பத் திரும்ப எடுத்து உபயோகிக்கிறார்கள், வெளியே விடுவது மிகக் குறைவு. ஆனால் விலை நம் பட்ஜெட்டுக்கு ஒத்து வராது.


வெள்ளாங்குளம் எழுதியது:

3,800 மிச்சம். அல்வா வாங்கிக் கொடுங்க.


பாளைக்காரி எழுதியது:

வாங்கித் தருகிறேன், இருட்டுக்கடை வரிசையில் நீங்கள் நின்றால்.

நூல் எரித்துப் பார்த்தேன். கிளேஸ் காட்டன் அப்படியே அண்ணாச்சி சொன்ன மாதிரி கடுகு மணி. ஆச்சரியம் என்னவென்றால், கல்யாணத்துக்கு வந்த விலை கூடின விரிப்பு ஒன்று, நாங்கள் பத்திரமாக விருந்தாளிக்கு மட்டும் விரிப்பது, அதிலும் குறுக்கு நூல் உருகியது. அம்மாவுக்குத்தான் கோபம். விளக்கு வைக்கிற நேரத்தில் துணியை எரிக்கிறாளே சவத்த மூதி என்று அரை மணி நேரம் ஓடியது. ஆகவே சோதனை செய்கிறவர்கள் பகலில் செய்யவும்.


கரிசக்காட்டான் எழுதியது:

பஞ்சு என்று தெரிந்தாச்சு, சரி. எந்தப் பஞ்சு என்று ஒரு கேள்வி இருக்கிறதே.

நான் கோவில்பட்டிக்குப் பக்கம். தாத்தா காலத்தில் எங்கள் கரிசலில் கருங்கண்ணிப் பருத்திதான். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து கே 7, கே 8, கே 11 என்று ரகம் ரகமாக வந்தது எல்லாம் அந்த வம்சம். ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் பிறகு அந்த மண் பிடித்து வைத்திருக்கிற ஈரத்திலேயே காய்த்து வெடித்துவிடும். தண்ணி பாய்ச்ச மாட்டோம். சாறு உறிஞ்சுகிற பூச்சியை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் இழை குட்டை. அதனால் மெல்லிசு நூல் வராது, ஆலைக்காரன் விலை கொடுக்க மாட்டான். நீள இழைக்கு வேறு ரகங்கள் வந்தன, 2002இல் பி.டி. பருத்திக்கு (மரபணு மாற்றின பருத்தி) அனுமதி கிடைத்தது, இப்போது நாட்டில் விளைகிற பருத்தியில் பெரும்பகுதி அதுதான். எங்கள் பக்கம் பருத்தி போட்ட புஞ்சையில் பாதிக்கு இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. என் புஞ்சையும் சேர்த்துத்தான், பொய் சொல்லவில்லை.

சொல்ல வந்தது இதுதான். விரிப்புக்கும் துண்டுக்கும் அடுப்படித் துணிக்கும் மெல்லிசு நூல் எதற்கு? இருபதாம் நம்பர் நூலில் நெய்த முரட்டுத் துணி போதும். அதற்கு நாட்டுப் பருத்தி தாராளமாகப் பொருந்தும். வாங்குகிறவர்கள் வழவழப்பு கேட்கக் கேட்கத்தான் தண்ணியும் மருந்தும் கேட்கிற பருத்தியைத் தேடிப் போகிறார்கள். சர்வோதயக் கடை, காதி, கோ-ஆப்டெக்ஸ் எங்கே போனாலும் நாட்டுப் பருத்தித் துணி இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேளுங்கள். இல்லை என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு இருக்கும்.


குறுக்குத்துறை எழுதியது:

எல்லாரும் பருத்திக்குக் கொடி பிடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணி என்று கணக்குச் சொல்கிறார்கள். அதற்கு மேல் சாயம். நொய்யல் ஆறு என்ன ஆச்சு? விவசாயத்துக்கு என்று கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி நின்றது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே சாயம் போட்டதெல்லாம் பருத்திதானே, பாலியஸ்டரா?

எங்கள் வீட்டில் பாலியஸ்டர் திரை போட்டு 12 வருஷம். வெளுக்கவில்லை, கிழியவில்லை, இஸ்திரி கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, பொங்கலுக்கு ஒன்று தீபாவளிக்கு ஒன்று, துவைத்தால் போதும். பருத்தித் திரை போட்ட என் தம்பி வீட்டில் தெற்கு ஜன்னல் திரை நாலே வருஷத்தில் வெயிலில் இற்றுப் போனது. எது சுற்றுச்சூழல்?


தறிச்சத்தம் எழுதியது:

திரை விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது நியாயம். மாட்டியிருக்கிற திரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பச்சை இலை ஒட்டின திரை வாங்குவது கூத்து. ஆனால் திரை அடிக்கடி துவைக்கிற சாமான் இல்லை. விரிப்பும் துண்டும் வாராவாரம் மெஷினில் சுழல்கிறது. பாலியஸ்டர் ஒவ்வொரு சுழற்சிக்கும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்கை உதிர்க்கும். அந்த உருண்டை கட்டின விரிப்பும், புசுபுசு என்று இருக்கிற மிங்க் போர்வையும் ரொம்ப மோசம். அது சாக்கடைக்குப் போய், நம் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே தாமிரபரணியில்தான் தூத்துக்குடி வரை குடிக்கிறோம்.


கரிசக்காட்டான் எழுதியது:

அந்த 10,000 லிட்டரில் பாதிக்கு மேல் வானத்திலிருந்து விழுகிற மழை. அது எப்படியும் விழும். கிணற்றையும் ஆற்றையும் உறிஞ்சின பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. மானாவாரிப் பருத்திக்கும் பாசனப் பருத்திக்கும் ஒரே நம்பர் போட்டால் எப்படி?

சாயம் பற்றிச் சொன்னது சரிதான். அதுக்கு எனக்குப் பதில் தெரியாது.


கரூர்_கணக்கு எழுதியது:

எனக்கு ஓரளவு தெரியும். ஊர் முக்கூடல், வேலை கரூரில், வெளிநாட்டுக்கு விரிப்பும் அடுப்படித் துண்டும் அனுப்புகிற ஒரு கம்பெனியில்.

சாயத்துக்கு எளிய பதில், சாயமே போடாத துணி. காடாத்துணி. தறியிலிருந்து இறங்கினபடி, வெளுக்காமல், நிறம் ஏற்றாமல், சந்தன நிறத்தில் கொட்டைத் தூசி அங்கங்கே புள்ளி வைத்து இருக்கும். மீட்டர் கணக்கில் வாங்கித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தால் நாலு பக்கமும் மடித்து அடித்துக் கொடுப்பார். பெரிய கட்டிலுக்கு அகலம் பத்தாது, நடுவில் ஒரு மூட்டுப் போட வேண்டும். முக்கியமான ஒன்று, தைக்கக் கொடுக்கும் முன்னால் ஒரு ராத்திரி தண்ணியில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். காடா நன்றாகச் சுருங்கும். அளவெடுத்துத் தைத்துவிட்டு அப்புறம் நனைத்தால் மெத்தைக்குப் பத்தாது. முதல் ரெண்டு துவைப்பு முரடாகத்தான் இருக்கும். பத்தாவது துவைப்பில் என்னைத் திட்ட மாட்டீர்கள்.

முத்திரை பற்றி. ‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் பச்சை இலையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டிவிட முடியும். ஜிஓடிஎஸ் (GOTS, இயற்கை வேளாண் துணிக்கான உலகத் தரச் சான்று) என்ற முத்திரை இருந்தால் அதன் கீழே சான்றளித்த அமைப்பின் பேரும் ஓர் உரிம எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அதில் ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும், ‘ஆர்கானிக் கலந்தது’ என்றால் 70. சாயக் கழிவு நீர், வேலைக்காரர் நிலைமை எல்லாம் அதில் சேர்த்துப் பார்ப்பார்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 வேறு. அது முடிந்த துணியில் உடம்புக்கு ஆகாத ரசாயனம் இருக்கிறதா என்று பார்ப்பது. பாலியஸ்டருக்கும் கிடைக்கும். குழந்தைத் துணிக்கு உபயோகமான முத்திரை, ஆனால் பருத்தி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது. கைத்தறி முத்திரை என்பது கையால் நெய்தது என்பதற்கு மட்டும்.

த்ரெட் கவுண்ட், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு, 1000 என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ரெண்டு மூணு இழையை முறுக்கின ஒரு நூலை ரெண்டு மூணாக எண்ணி வருகிற கணக்கு அது. 200, 300 நம் வெக்கைக்குத் தாராளம்.


இயற்கைபஜார் எழுதியது:

[விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. மூங்கில் விரிப்பு விற்கிறவர்கள் இந்த இழையை முதலில் படிக்கவும். — மட்டுறுத்துநர்]


கோரைக்கரை எழுதியது:

பாய் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சேரன்மகாதேவி. பத்தமடை நமக்குப் பக்கத்து ஊர், அம்மாவுக்குப் பாய் வாங்க அதை விட்டு எங்கே போவீர்கள்?

கோரை தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்கிறது. பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, மெல்லிசுப் பாய் என்றால் ஓடுகிற தண்ணியில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, உப்பின பிறகு மறுபடி காயவைத்து, இன்னும் சன்னமாகக் கீறுவார்கள். தறி தரையோடு தரையாக இருக்கும். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோரையாகக் குச்சியால் நுழைக்கிற வேலை, பெரும்பாலும் பெண்கள். பட்டுப்பாய் என்று சொல்வது பேருக்குத்தான் பட்டு, தொட்டால் அப்படி இருக்கும். மடித்தால் கைக்குள் அடங்கும். 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் போனது அந்த ரகம். புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அது சுவரில் மாட்ட. அம்மா படுக்க உங்களுக்கு வேண்டியது சாதாரணக் கோரைப்பாய், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

வாங்கும்போது விளிம்பைத் திருப்பிப் பாவு நூலைப் பாருங்கள். இயந்திரத்தில் நெய்கிற பாயில் நைலான் பாவு போடுவது உண்டு. அதே நூல் எரிக்கிற வித்தைதான், கடைக்காரர் விட்டால். சாயம் ஏற்றாத பாயாகக் கேளுங்கள். முன்னே பதிமுகக் கட்டையில் சிவப்பு ஏற்றினார்கள், மலையாளத்துக்காரர்கள் குடிதண்ணியில் போடுகிறார்களே அதே கட்டை. இப்போது கடைச்சாயம்தான்.

சாதாரணப் பாயை மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். தண்ணியில் முக்கக் கூடாது, பிழிந்த துணியால் துடைத்து நிழலில் ஆற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சுவரோரம் சாத்தி மறந்துவிட்டால் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் பாயில் இந்தத் தொந்தரவு இல்லைதான். ஆனால் மொட்டை மாடியில் ரெண்டு கோடை கிடந்தால் அது பொடிப் பொடியாக உதிரும், கூட்ட முடியாது, அள்ளவும் முடியாது.


சாரல்வாசி எழுதியது:

துண்டுக்கு: டர்க்கி டவலை விட்டுவிடுங்கள். ஈரிழைத் துண்டு, எங்கள் ஆச்சி துவர்த்து என்பாள், அதை நாலு வாங்குங்கள். துவைக்க ஒரு குவளைத் தண்ணி, காய ஒரு மணி நேரம். குற்றாலச் சாரலில்கூடக் காய்ந்துவிடும், டர்க்கி டவல் மூணு நாள் நாறும். பாளையில் உப்புத் தண்ணி வேறு, டர்க்கி டவல் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்து நிற்குமே.


பாளைக்காரி எழுதியது:

விறைத்து நிற்கிறது என்பது குறைச்சல். முகம் துடைத்தால் தோல் உரிகிறது.

தலையணை? கடையில் எல்லாம் ‘மைக்ரோ’ ஏதோ ஒன்று. இலவம் பஞ்சு சொல்லி வைத்தால் மெத்தை தைக்கிறவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதம் ஆச்சு. இலவு காத்த கிளி என்பதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது.


கோரைக்கரை எழுதியது:

காத்திருங்கள், தகும். ஆனால் வந்த பஞ்சை உறைக்குள் திணிக்கும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தண்ணியில் போடுங்கள். இலவம் பஞ்சில் மெழுகுத்தன்மை உண்டு, நனையாமல் மிதக்கும். ஆலைக் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் அந்தப் பங்கு அப்படி மிதந்துகொண்டே இருக்காது. மூணு நாலு வருஷத்தில் அமுங்கிப் போகும், அப்போது பிரித்து வெயிலில் போட்டு அடித்து மறுபடி நிரப்பலாம். துவைக்க முடியாது, மேலுறையைத்தான் துவைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது தூசி ஒத்துக்கொள்ளாது, வீசிங் இருக்கிறது என்றால் இலவம் பஞ்சு நல்லதில்லை, அவர்களுக்குத் துவைக்கிற தலையணை வேண்டும். அதில் வீம்பு பிடிக்க வேண்டாம்.


மேலக்கரை எழுதியது:

அம்பையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை மூணு நாளாகப் படிக்கிறேன். வாங்குவது பற்றி எல்லாரும் பேசியாச்சு, போடுவது பற்றி நான் ஒன்று சொல்கிறேன்.

பாபநாசம் படித்துறையில் பரிகாரம் கழிக்கிறேன் என்று உடுத்தின துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். விடாதீர்கள் என்று பலகை வைத்தாச்சு, மைக்கில் சொல்லியாச்சு. துணி எடுக்கிற வேலைக்கு ஒரு தடவை நானும் பையன்களோடு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணியில் காலை ஊன்றினால் தரை மணல் இல்லை, துணி. பாறை இடுக்கில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பத்துத் துணி பின்னிக்கொண்டு வருகிறது, அடித்துப் போட்ட மலைப்பாம்பு மாதிரி, அவ்வளவு கனம். கரையில் போட்டுப் பிரித்துப் பார்த்தோம். வேட்டி, துண்டு மாதிரி பழைய பருத்தி எல்லாம் கறுத்துப் போய், கையில் எடுத்தால் ஊறின அவல் மாதிரி நழுவிக் கிழிந்தது. அதே முடிச்சில் ஒரு சிந்தெடிக் சேலை. எத்தனை நாள் கிடந்ததோ. சேற்றை அலசி விட்டதும் ரோஸ் நிறம் அப்படியே, பார்டர் பளபளவென்று, மடித்துக் கடையில் வைத்தால் விற்றுவிடலாம். கூட வந்த ஒருத்தர், ‘இதைக் கட்டினவங்க பாவம் போயிருக்கும், சேலை போகலையே’ என்றார்.

பருத்தியை ஆற்றில் விடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அன்றையிலிருந்து எந்தத் துணியை எடுத்தாலும் அந்த ரோஸ் சேலைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.


குறுக்குத்துறை எழுதியது:

இதுக்கு எதிர்ப்பக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆச்சி காலத்தில் ஆற்றுக்கு விட மிச்சமே இருக்காது. தாத்தாவின் வேட்டி நடுவில் நைந்தால் வெட்டித் திருப்பி மூட்டி இன்னும் ஒரு வருஷம். அப்புறம் கைப்பிள்ளைக்கு ஏணைத்துணி. அப்புறம் நாலாகக் கிழித்து, இட்லித் தட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு விரிக்க ஒன்று. கடைசியாக வருகிற நாடாவை வெயிலில் காயவைத்துத் தொடையில் உருட்டி விளக்குத் திரி ஆக்கிவிடுவாள். சாரம் (கைலி) நைந்தால் அடுப்படிக்கு. பானை இறக்க அதைவிட நல்ல துணி இன்றைக்கும் கிடையாது.

பாலியஸ்டரைத் திரியாகப் போட்டால் என்ன ஆகும் என்று பாளைக்காரி பார்த்தாச்சு.


வெள்ளாங்குளம் எழுதியது:

கைத்தறிதான் வாங்கணும், விசைத்தறி கூடாதுன்னு யாரும் இன்னும் சண்டைக்கு வரலையே?


தறிச்சத்தம் எழுதியது:

வர மாட்டேன். செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது, எங்கள் ஊர் பேர் பேப்பரில் வந்தது, சந்தோஷம். தறி கூடவில்லை. கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம், நெய்கிறவர் கையில் கூலி போய்ச் சேரும், முடிந்தால் வாங்குங்கள். ஆனால் சங்கரன்கோவில் விசைத்தறித் துண்டும் பருத்திதான், பக்கத்து ஊர்தான். என் கோபம் ஒன்றுதான். விசைத்தறித் துணியைக் கைத்தறி விலைக்கு விற்பது. அதை விற்கிறவனிடம் ஏன் இழை இவ்வளவு சீராக இருக்கிறது என்று கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.


பாளைக்காரி எழுதியது:

பால் காய்ச்சியாச்சு. கணக்கு ஒப்புவிக்கிறேன்.

காடாத்துணி வாங்கி, ஊறப்போட்டு, ஆறு விரிப்பு தைத்தாச்சு. தையல்கூலி சேர்த்தும் அந்த ஒரு மூங்கில் விரிப்பு விலை ஆகவில்லை. ஊறப்போட்ட அண்டாத் தண்ணி கஞ்சி மாதிரி கலங்கி வந்தது. காயவைத்து அளந்தால் மீட்டருக்கு நாலு விரல் குறைந்திருந்தது. கரூர் அண்ணன் சொல்லாவிட்டால் அழுதிருப்பேன். இப்போதைக்கு முரடுதான், மகள் ‘கோணிச்சாக்கில் படுத்த மாதிரி இருக்கு’ என்கிறாள். மூணாவது துவைப்பு முடிந்திருக்கிறது, ஏழு பாக்கி.

திரை வாங்கவே இல்லை. பழைய வீட்டுத் திரை பாலியஸ்டர்தான், ஆறில் நாலு அப்படியே பொருந்தியது. மற்ற இரண்டுக்கும் அம்மாவின் பழைய சுங்கடிச் சேலையை வெட்டி மாட்டியிருக்கிறேன். குறுக்குத்துறை அண்ணாச்சி மகிழ்வாராக. ஈரிழைத் துண்டு ஆறு. பத்தமடைக்கு நேரிலேயே போய்ச் சாயமில்லாத பாய் ஒன்று, நூல் பாவு. அம்மா முதல் நாள் ‘கோரை வாசம் அடிக்குதே’ என்று சொல்லிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிட்டாள். நாட்டுப் பருத்தி மூணு கடையில் கேட்டேன், மூணிலும் இல்லை. இன்னும் ஏழு பேர் கேளுங்கள்.

தலையணைக்காரர் இன்னும் வரவில்லை. பழசில்தான் படுக்கிறோம்.

மிஞ்சினது அந்த ரெண்டு கிளேஸ் காட்டன் விரிப்பு. என்ன செய்ய என்று இங்கே கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் அம்மா அதைத் துவைத்து, மடித்து, ஒரு மஞ்சப்பைக்குள் வைத்திருக்கிறாள். எதுக்கும்மா என்றேன். தை அமாவாசைக்குப் பாபநாசம் போகும்போது எடுத்துக்கிடலாம்லா என்கிறாள். பையோடு பிடுங்கி, ஒன்றைப் பைக்குக்கும் ஒன்றைத் தண்ணி மோட்டாருக்கும் போர்த்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.